டமாரத்தைவிட உயரமான பரிசு

எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் குதிரை இருக்கிறது. வயிற்றை அமுக்கினால் பாடும். அமுக்காவிட்டாலும் பாடும். கீழே தெருவில் லாரி போனால் பாடும், மேல்வீட்டில் நாற்காலியை இழுத்தால் பாடும், நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால் தவறாமல் பாடும். வந்து இரண்டு வருடமாகிறது, அதன் பேட்டரி மட்டும் தீர்ந்தபாடில்லை. சுவர்க் கடிகாரத்துக்கு நான் வாங்கிப் போடும் பேட்டரிகளில் ஒன்றாவது இப்படி உழைத்ததுண்டா?

குதிரை என் நாத்தனார் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு. நாத்தனார் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். மனசும் பெரிசு, வேனும் பெரிசு. வேனுக்குள் நுழைகிற எதுவும் எங்கள் வீட்டுக்குள்ளும் நுழையும் என்பது அவர் கணக்கு. எங்கள் வீடோ மூன்றாம் மாடியில் இரண்டே அறை. குதிரை போக ஒரு கோட்டை, பிள்ளை உள்ளே உட்கார்ந்து ஓட்டும் லாரி, எங்கள் சமையலறையைவிடக் கொஞ்சமே சின்னதான விளையாட்டுச் சமையலறை எல்லாம் இருக்கின்றன. சோபாவில் உட்கார வேண்டுமென்றால் லாரியை நகர்த்த வேண்டும். லாரியை நகர்த்தக் கோட்டையை நகர்த்த வேண்டும். கோட்டையை நகர்த்தினால் குதிரை பாடும். அதனால் நாங்கள் பெரும்பாலும் நின்றுகொண்டே இருக்கிறோம்.

என் வேலையும் சாமான்களோடுதான். பேருந்து நிலையத்தில், பயணிகள் தவறவிட்டுப் போகிற பொருள்களை வாங்கி வைத்து உரியவரிடம் ஒப்படைக்கும் அறை என்னுடையது. குடை, ஒற்றைச் செருப்பு, பல்செட் எல்லாம் வரும். ஒரு முறை கதவு வந்தது. கதவைக் கையோடு கொண்டுவந்தவர் அதை எப்படி மறந்துவிட்டு இறங்கினார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எது வந்தாலும் பழுப்பு அட்டையில் சீட்டு எழுதி நூலில் கட்டித் தொங்கவிடுவேன். இந்த வேலையில் நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. பெரிய பொம்மையைத் தேடிக்கொண்டு ஒருவரும் வருவதில்லை. ஆளுயரக் கரடி ஒன்று வருடக்கணக்காக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் கட்டைவிரல் அளவுள்ள ரப்பர் யானை தொலைந்தபோது, ஒரு குடும்பமே மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து நின்றது. ஆகவே பரிசு என்றால் சின்னதாக, நல்லதாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கட்சியை நம்பித்தான் போன கிறிஸ்துமஸுக்கு மகனுக்குப் பூதக்கண்ணாடி வாங்கினேன்.

மகனை வீட்டில் டமாரம் என்று கூப்பிடுவோம். அப்போது அவனுக்கு நாலு வயது. அவன் என் காதில் ரகசியம் சொன்னால், கீழ்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி" என்பார். அப்பேர்ப்பட்ட தொண்டை. அன்றைக்குக் காலையில் அவன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. முதலில் தரையில் வைத்தான். பக்கத்திலேயே நீட்டிப் படுத்தான். பொட்டலத்தின் அடியும் தன் குதிகாலும் ஒரே கோட்டில் இருக்கும்படி சரிசெய்துகொண்டு தன் அக்காவைக் கேட்டான்.

"அக்கா, எதுவரைக்கும் வருது?"

என் மகள் பெரியவள் பொய் சொல்ல மாட்டாள். அது அவளுடைய பெரிய குறை.

"முட்டிக்குக் கீழ."

டமாரம் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். "சரி" என்றான்.

அந்தச் "சரி" பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அடுத்த மாடிவரை கேட்கும் குரல், அன்றைக்கு உதட்டைத் தாண்டவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பேன், அடம்பிடித்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். சரி என்றவனை என்ன செய்வது? மத்தியானத்துக்குள் அவன் பூதக்கண்ணாடி வழியாக எறும்பையும் என் மூக்குத் துவாரத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான் என்பது வேறு கதை. எனக்கு ஒரு வருடமாக அந்தச் "சரி" காதில் நின்றது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவனைவிட உயரமாக ஒன்று கொடுத்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் வீட்டில் இன்னொரு சாமானுக்கு இடம் கிடையாது. ஒரு துடைப்பத்தைச் சாய்த்து வைக்கவே நான் குதிரையிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

இதைப் பேசுவதற்கு என் வீட்டுக்காரரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடைவீதியிலேயே பெரிய துணிக்கடையில் ஷோகேஸ் அலங்கரிப்பவர் அவர். டிசம்பர் வந்தால் அவருக்கு ஒரே வேலை. காலி அட்டைப்பெட்டிகளைப் பளபளப்புத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டி, பரிசுக் குவியல் போலக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்குவார். அவர் கட்டுகிற ரிப்பனைப் பார்த்தால் உள்ளே வைரம் இருக்கிறது என்று சத்தியம் செய்யலாம். தாளை முன்பக்கம் மட்டும்தான் ஒட்டுவார். பின்பக்கம் மொட்டை அட்டைதான்.

"தெருவுல நின்னு பாக்கறவனுக்கு முதுகு எதுக்கு?" என்பார்.

இது அவருடைய தொழில் தர்மம். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோதுகூட அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவரை அப்படியே விட்டுவிட்டார்.

பிள்ளைகள் கீழே விளையாடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், சமையலறையில் நின்றபடியே பேச்சை ஆரம்பித்தேன்.

"இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா? சின்ன சாமான், பெரிய பெட்டி. முடிஞ்சுது" என்றார்.

"பிரிச்ச பிறகு?"

"பிரிச்ச பிறகு என்ன?"

"உங்க ஷோகேஸ்ல யாரும் பிரிக்கறதில்லைங்க. இங்க பிரிப்பான்."

அவர் தலையைச் சொறிந்தார். இத்தனை வருட வேலையில், ஒரு பெட்டியைப் பிரித்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்ததே இல்லை போலிருந்தது.

பிறகு கூடாரம் என்றார். அதை யார் மடிப்பது என்று கேட்டேன். ராட்சத பலூன் என்றார். வெடித்தால் டமாரம் அழுகிற சத்தத்துக்கு மிச்சமிருக்கும் கண்ணாடி டம்ளர்களும் உடையும் என்றேன். ஏணி என்றார்.

"ஏணியா? ஏறி எங்க போவான்?"

"பரணுக்குப் போகட்டுமே."

"பரண்ல யாரு இருக்கா? உங்க அக்கா முந்தின வருஷம் குடுத்த விமானம் இருக்கு. அதை வேற எறக்கிக்கிட்டு வரணுமா?"

அவருக்கும் கோபம் வந்தது. "நீ சொல்ற மாதிரி பெருசாவும் இருக்கணும், வீட்டுல இருக்கவும் கூடாதுன்னா, நான் எங்க போவேன்? என் கடையில சுருள் சுருளா வெள்ளைத் தாள் வருது, பின்னாடி சுவருக்கு ஒட்டறது. அவன்தான் கண்ட சுவத்துலயும் கிறுக்கறானே, அதுல ஒண்ணு வாங்கிக் குடுத்துடு. வரைஞ்சு வரைஞ்சு தீர்ந்து போகும்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் "தீர்ந்து போகும்" என்ற சொல் காதில் விழுந்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் சொன்னதிலேயே மிக இனிமையான வார்த்தை அதுதான்.

"எவ்வளவு உயரம்ங்க அந்தச் சுருள்?"

அவர் தன் மார்புக்கு நேரே கையை வைத்துக் காட்டினார். டமாரத்தைவிட ஒரு சாண் அதிகம். கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்துவிடலாம். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்து ஒரு நாள் இல்லாமலே போய்விடும். தேய்வதற்கென்றே பிறந்த பரிசு!

தாள் மொத்த வியாபாரியிடம் இருவரும் போய் வாங்கினோம். பார்க்கத்தான் தாள், தூக்கினால் மரக்கட்டை. கடை ஆட்கள் இருவர் சேர்ந்துதான் ஆட்டோவில் ஏற்றினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் டமாரம் பார்த்துவிடுவான் என்று, அதை நேரே என் வீட்டுக்காரர் கடையில் அலங்கார வேலை நடக்கும் பின் அறைக்கே அனுப்பிவிட்டோம்.

"அங்கேயே சுத்தி எடுத்துக்கிட்டு வந்துடறேன். சிவப்புத் தாளும் தங்க ரிப்பனும் இந்த வருஷம் ஷோகேஸ் வளைவைத் தாங்கற தூணுக்கு வாங்கினது மிச்சம் இருக்கு" என்றார்.

நான் என் பழுப்புச் சீட்டு ஒன்றில் 'டமாரத்துக்கு' என்று எழுதி, நூலும் கோத்துக் கொடுத்தேன். சீட்டுக் கட்டாத சாமானைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

பெரியவள் விஷயத்தில் தொல்லையே இல்லை. "உனக்கு என்னடி வேணும்?" என்று கேட்டேன்.

"பூட்டு."

"பூட்டா?"

"என் டிராயருக்கு. உங்க பையன்கிட்ட இருந்து காப்பாத்தணும்."

"பெருசா எதுவும் வேண்டாமா?"

"சாவி ரெண்டு இருந்தா போதும்."

இவள் என் வயிற்றில் பிறந்தவள்தான் என்பதில் அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பண்டிகைக்கு நாலைந்து நாள் முன்னால் நாத்தனார் போன் செய்தார். "இந்த வருஷம் பிள்ளைங்களுக்குச் சறுக்குமரம் வாங்கியிருக்கேன்மா. ஹால்ல போட்டா கச்சிதமா இருக்கும்."

"அண்ணி, எங்க ஹால்ல சறுக்கினா நேரா பாத்ரூம்ல போய்த்தான் விழுவாங்க."

"நல்லதுதானே, குளிக்க வெக்கறது சுலபம்."

நான் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். அவர் குரல் மாறியது. "நீ தப்பா எடுத்துக்காத. போன வருஷம் நீங்க குடுத்ததைப் பத்தி அவனைக் கேட்டேன். நல்லா இருக்கு அத்தைன்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பிள்ளை ஏங்கிப் போகக் கூடாதும்மா. அதுக்குத்தான் நான் பெருசு பெருசா வாங்கறேன்."

அந்த முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த வருஷம் அவனைவிட உயரமா குடுக்கறோம் அண்ணி. நீங்களே வந்து பாருங்க."

"அப்படியா! அப்படி மட்டும் இருந்துட்டா, சறுக்குமரத்தை வேன்ல இருந்து எறக்கவே மாட்டேன். எங்க டிரைவிங் ஸ்கூல் வாசல்ல போட்டுக்கறேன்."

ஆக, என் பிள்ளையின் முகமும் என் ஹாலும் அந்த ஒரு சுருளை நம்பி நின்றன.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் என் வீட்டுக்காரர் சிவப்புப் பொட்டலத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பார்க்க ராஜா மாதிரி இருந்தது, பொட்டலத்தைச் சொல்கிறேன். கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக நிறுத்தி மேலே ஒரு போர்வையைப் போட்டார்.

"மூணு மாடி. எங்கேயும் நிக்கல, மூச்சு வாங்கல. வெயிட்டே தெரியல பாரு" என்றார்.

"உடம்பு தேறிட்டீங்க."

"சீட்டைக்கூடப் பின்னாடி சொருகிட்டேன். முன்னாடி தொங்கினா லுக்கு போயிடும்." பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஆனா அதுக்கு முன்னாடிதான் முதுகு பிடிச்சுக்கிச்சு. கிளம்பற நேரத்துல மேனேஜர் வந்து, ஷோகேஸ்ல எடது பக்கத் தூண் சாயுதுங்கறாரு. அட்டைக் குழாய்தானே, காத்துக்கே ஆடும். நல்லவேளை, புதுசா ஒண்ணு சுத்தி வெச்சிருந்தேன். அதைத் தூக்கிட்டுப் போய் நிறுத்தினேன். நின்னுச்சு பாரு ஒரு நிப்பு! மணல் மூட்டை வெக்கல, கம்பி கட்டல, மலை மாதிரி நின்னுச்சு. இத்தனை வருஷத்துல அப்படி ஒரு தூண் நான் நிறுத்தினதே இல்ல."

"அட்டைக் குழாயைத் தூக்கினதுக்கா முதுகு பிடிச்சுது?"

"காலையில இருந்து சாப்பிடலைல்ல, அதான் கனமா தெரிஞ்சுது. வேலை முடிஞ்சதும் மனசு லேசாயிடுச்சு. அதான் இது வெயிட்டே இல்லாத மாதிரி இருந்துது."

நான் அவர் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இரண்டையும் நம்பினேன். என் மூளைக்கும் அன்றைக்கு விடுமுறை.

மறுநாள் காலை டமாரம் எழுந்து போர்வையை இழுத்தான். சிவப்பும் தங்கமுமாக அது வெளிப்பட்டதும் அப்படியே நின்றுவிட்டான். பிறகு பொட்டலத்தைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தான். பக்கத்தில் நீட்டிப் படுத்தான். குதிகாலைச் சரிசெய்தான். நான் அடுப்பில் வைத்திருந்த பாலை மறந்தேன்.

"அக்கா, எதுவரைக்கும் வருது?"

பெரியவள் புதுப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். அவசரப்படவில்லை. தலைப்பக்கம் போய்க் கையை விரித்து அளந்தாள்.

"உன்னைவிட உயரம். ஒரு சாண் அதிகம்."

"என்னைவிடப் பெருசு!" என்று டமாரம் போட்ட சத்தத்தில் குதிரை பாடியது. கீழ்வீட்டுக்காரர், "வாழ்த்துகள் தம்பி!" என்று கத்தினார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. எனக்கு வந்த சிரிப்பில் அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவன் தாளைக் கிழித்துவிட்டுப் பொட்டலத்தைப் புரட்டினான். பின்பக்கம் மொட்டையாக இருந்தது. பிள்ளைக்குக் கொடுக்கிற பரிசுக்கும் முதுகு மொட்டையா என்று இவரைப் பார்த்து முறைத்தேன். அப்போதுதான், என் சீட்டு அங்கே இல்லை என்பது கண்ணில் பட்டது.

டமாரம் முனையில் இருந்த மூடியைப் பிடுங்கி உள்ளே எட்டிப் பார்த்தான். நான் அடுத்த முனை மூடியைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே என் பிள்ளையின் ஒற்றைக் கண் மட்டும் தெரிந்தது. நடுவில் காற்று.

"ஒண்ணும் இல்லம்மா" என்றான்.

வெறும் அட்டைப்பெட்டி கிடைத்தாலே குழந்தைகளுக்குக் கொண்டாட்டம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களை ஒரு வெற்று அட்டைக் குழாயின் மறுமுனையில் அந்தக் கண்ணுக்கு எதிரில் உட்கார வைக்க வேண்டும்.

டமாரம் குழாயைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். எங்களுக்குச் சங்கடமாகிவிடக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ.

"சரி" என்றான்.

அதே சரி. உதட்டைத் தாண்டாத அதே சரி. ஒரு வருடமாக நான் பார்த்துப் பார்த்துத் தவிர்க்க நினைத்ததை என் கையாலேயே சிவப்புத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டேன். கோபமெல்லாம் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது. திரும்பிப் பார்த்தால் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"தூண்" என்றார்.

"எந்தத் தூண்?"

"நின்னுச்சே. அந்தத் தூண்."

பரிசையும் முன்பக்கம் மட்டும் சுற்றி, பரிசுக்கும் தூணுக்கும் ஒரே தாளைப் போட்டு, சீட்டையும் முதுகுப்பக்கம் ஒளித்து வைத்தால் எது எது என்று யாருக்குத் தெரியும்? என் பிள்ளையின் கிறிஸ்துமஸ் பரிசு கடைவீதியில் ஒரு வளைவைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. தொழில் தர்மமாம், தர்மம்! வாயில் வந்ததையெல்லாம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பண்டிகை நாளாயிற்றே என்று மூடிக்கொண்டு, "கிளம்புங்க எல்லாரும்" என்றேன்.

கீழே இறங்கினால் நாத்தனாரின் வேன் வந்து நின்றுகொண்டிருக்கிறது. மேலே மஞ்சளும் நீலமுமாகச் சறுக்குமரம் கட்டியிருந்தது. முன்சீட்டில் அவர் மகன், டமாரத்தைவிட இரண்டு வயது பெரியவன், பல் விழுந்த வாயோடு கையாட்டினான்.

"எங்கம்மா, அவனைவிட உயரமான பரிசு?" என்றார் நாத்தனார்.

"கடைவீதியில இருக்கு அண்ணி."

"வீட்டுக்குள்ள நுழையலையா?" என்றார் மரியாதையோடு. அவர் என்னை அப்படி மரியாதையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் வேனில் ஏறி உட்கார்ந்தேன். டமாரம் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. அதைவிட அவன் அழுதிருக்கலாம்.

கடைவீதி முழுக்க மூடிக் கிடந்தது. இவருடைய கடையின் ஷோகேஸில் மட்டும் விளக்கு எரிந்தது. பஞ்சுப் பனி, அடுக்கடுக்காக வெற்றுப் பெட்டிகள், நடுவில் ஒரு வளைவு, வளைவெல்லாம் நட்சத்திரம். வளைவின் இரண்டு பக்கமும் சிவப்புத் தூண்கள். வலது தூண் லேசாகச் சாய்ந்திருந்தது. இடது தூண் அசையாமல் நின்றது.

காவலாளி பக்கக் கதவைத் திறந்தார். என் வீட்டுக்காரர் உள்ளே போய், ஷோகேஸின் சின்ன வாசல் வழியாகத் தவழ்ந்து, பஞ்சில் முட்டி போட்டு, இடது தூணை மெதுவாக இழுத்தார். வளைவு ஆடியது. ஒரு நட்சத்திரம் விழுந்து அவர் தலையில் உட்கார்ந்தது.

"சார், அதை உருவினா மொத்தமும் சரிஞ்சுடும். மேனேஜர் என்னைத்தான் கேப்பாரு" என்று காவலாளி பின்னாலிருந்து கெஞ்சினார். அவர் சொன்னதும் நியாயம்தான். என் வீட்டுக்காரர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

இதை நான் எப்படி என் பிள்ளையிடம் சொல்வேன்? உன் பரிசு இருக்கிறது, ஆனால் இன்றைக்கு இல்லை என்று? குனிந்தேன். டமாரம் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றுகொண்டிருந்தான்.

"அதாம்மா என்னோடது?"

"அதுதான்டா."

"நெஜமா உள்ள இருக்கா?"

"நெஜமா இருக்கு. அப்பாவுக்கு முதுகே பிடிச்சுக்கிச்சு."

நாயோடு நடந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் விளக்கைப் பார்த்துவிட்டு ஷோகேஸ் முன்னால் நின்றார்கள். டமாரம் அவர்களையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்கு அவன் முகத்தில் ஏதோ நகர்வது தெரிந்தது.

"அது என்னோடது" என்றான் அவர்களிடம். குரல் பாதி திரும்பியிருந்தது.

"ஓ, அப்படியா?" என்று அந்த அம்மாள், பிள்ளைகள் சொன்னதை நம்பாதவர்கள் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தார்.

"நம்ப மாட்டேங்கறாங்கம்மா. பேரே இல்லையே."

நான் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே என் வீட்டுக்காரர் திரும்பினார். தூணைக் காட்டினேன், முதுகைக் காட்டினேன், நூலை இழுத்து முன்னால் தொங்கவிடுவதுபோல் கையை ஆட்டினேன். அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவர் அலங்கரித்த ஷோகேஸ், நடுநாயகமான வளைவின் தூண், அதில் பேருந்து நிலையத்துப் பழுப்புச் சீட்டா? 'லுக்கு போயிடும்' என்று உதடு அசைந்தது. நான் டமாரத்தைக் காட்டினேன். அவர் ஒரு நொடி அவனைப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் கையை விட்டுச் சீட்டை இழுத்தார். தங்க ரிப்பனுக்கு நட்டநடுவில், தெருவைப் பார்க்கக் கட்டினார்.

"மேனேஜர் கேட்டா, சார்?" என்றார் காவலாளி.

"விலைச் சீட்டுன்னு சொல்லிக்கலாம்" என்றார் இவர்.

டமாரம் எழுத்துக் கூட்டினான். "ட... மா... ர... டமாரத்துக்கு! என் பேரு!" கணவனும் மனைவியும் ஒரு அடி பின்வாங்கினார்கள். நாய் குரைத்தது. அவன் அதோடு விடவில்லை. கண்ணாடியை ஒட்டி நடைபாதையில் நீட்டிப் படுத்தான், புதுச் சட்டையோடு.

"அக்கா, எதுவரைக்கும்?"

பெரியவள் தூணையும் தம்பியையும் நிதானமாகப் பார்த்தாள். "ஒரு சாண் அதிகம். வளைவையும் சேத்துக்கலாம்னா நாலு சாண்."

"சேத்துக்கோ!"

நாத்தனார் மகன் அம்மாவின் புடவையை இழுத்தான். "அம்மா, என்னோடதை மட்டும் ஏன் ஷோகேஸ்ல வெக்கல?"

என் நாத்தனார் புடவையை அவன் கையிலிருந்து விடுவித்துக்கொண்டார். டமாரம் பக்கம் திரும்பி, "டமாரம், அத்தை கொண்டு வந்த சறுக்குமரத்தை வீட்டுல எறக்கட்டுமாடா?" என்றார்.

"வீட்டுல இடமில்ல அத்தை. அதையும் ஷோகேஸ் உள்ளேயே வெச்சுடுங்க."

"அது எறங்காம வேனைப் பூட்டணும்னா என்கிட்ட பூட்டு இருக்கு அத்தை" என்றாள் பெரியவள்.

"சொன்ன மாதிரி ஸ்கூல் வாசல்லயே போட்டுக்கறேன்" என்று நாத்தனார் சிரித்துவிட்டார். சிரித்தபடியே என் தோளில் கை வைத்து, "இப்பத்தான்மா பிள்ளை முகம் பிள்ளை முகமா இருக்கு" என்றார். குதிரை விஷயத்தையெல்லாம் மறந்து அந்த நிமிடம் மன்னித்துவிட்டேன். அவரைச் சொல்கிறேன், குதிரையை அல்ல.

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. டமாரத்தின் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அவன் முன்னால் உட்கார்ந்தேன். "புது வருஷப் பண்டிகை முடியறவரைக்கும் இது இங்கேதான்டா இருக்கும். தினமும் சாயங்காலம் வந்து பாக்கலாம். அப்புறம் அப்பா வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வருவாரு, நீ வரைஞ்சு வரைஞ்சு தீக்கலாம். சரியாடா?"

கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஒரு வருடம் பயந்திருந்தேன்.

"சரி!" என்றான்.

கனமான கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காவலாளி, "சரி தம்பி" என்று பதில் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டில் குதிரையும் பாடியிருக்கும்.